மட்டத்தைத் திருப்பிப் பார்க்கும் மணிமொழி

மணிமொழி அக்கா L வடிவ மூலைமட்டம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நம்பிவிட மாட்டார். முதலில் கவுண்டரின் மேல் கிடக்கும் பிளைவுட் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மட்டத்தின் தடித்த கையை அந்தப் பலகையின் விளிம்பில் சேர்த்து அழுத்தி, தகட்டை ஒட்டி ஒரு கோடு இழுப்பார். காதில் செருகிய பென்சிலை இதற்குத் தொட மாட்டார். சட்டைப் பையில் வேறொரு பென்சில் இருக்கும், நுனியை ஊசிபோல் சீவியது. பிறகு மட்டத்தை அப்படியே மறுபக்கமாகத் திருப்பிப் போட்டு, முதல் கோடு தொடங்கிய அதே புள்ளியிலிருந்து இரண்டாவது கோடு இழுப்பார். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டால் மட்டம் நேர். மேலே போகப் போக இரண்டும் விலகி, பாம்பின் நாக்குபோல் பிளந்து நின்றால் கோணல். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பென்சில் தூளை வாயால் ஊதிவிட்டு இன்னொரு முறை பார்ப்பார். பிறகு அந்தக் கோணல் மட்டத்தை இடது பக்கம் ஒதுக்கி வைப்பார்.

அன்றைக்கு இடது பக்கம் பதினாலு மட்டங்கள் சேர்ந்துவிட்டன.

ராயப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் நான் கவுண்டரில் நிற்கிறேன். முதலாளி சுப்புராயன், கல்லாவில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாம்மா, மட்டம் வாங்க வந்தியா, மாப்பிள்ள பாக்க வந்தியா?”

“மாப்பிள்ளைய ஒரே வாட்டி பாத்துட்டு சரின்னுட்டேன் நைனா. அது எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியாது. அதான் இப்ப எதையும் திருப்பிப் பாக்கறேன்.”

“பதினெட்டு வருசமா வித்துக்கினு கீறேன். ஒரு ஆள் வந்து கோணல்னு சொன்னதில்ல.”

“சொல்லாங்காட்டி நேராயிடுமா?”

பதினைந்தாவது மட்டத்தில் இரண்டு கோடும் ஒன்றாகப் படுத்தன. மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் ஒரே கோடு. அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினார். மீதிப் பதினாலையும் நான் எடுத்து ஆணியில் மாட்டினேன். முதலாளி அவை இருந்த பக்கம் திரும்பாமல் பேப்பர் படித்தார்.

மணிமொழி அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. அடையாற்றின் கரையில், கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே இருந்த குடிசைகளில் பிறந்தவர். அந்த வரிசை முழுவதையும் பெரும்பாக்கத்துக்கு மாற்றியபோது அவர்கள் வீடும் போனது. இப்போது நான்காவது மாடி. காலையில் இரண்டு பஸ் பிடித்து நகரத்துக்குள் வருவார். ஒன்பது ஆண்டுகள் கந்தன்சாவடிப் பக்கம் மாடுலர் கிச்சன் செய்யும் ஒரு பட்டறையில் இருந்தார். பெருக்குவதற்குத்தான் சேர்த்தார்கள். வெட்டும் மெஷினில் ஆள் வராத ஒரு நாள், “நான் நிக்கட்டா?” என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு துடைப்பத்தை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. மூன்று வருடங்களாகத் தனியாக வேலை எடுக்கிறார். வேலைக்குப் போகும் வீடுகளில் கதவைத் திறப்பவர்கள் முதலில் அவர் தோளுக்குப் பின்னால்தான் பார்ப்பார்களாம்.

“மேஸ்திரி எப்பம்மா வருவாரு?”

“அவரு வந்து அஞ்சு நிமிசம் ஆச்சு சார். வழி விட்டீங்கன்னா வேலையப் பாப்பாரு.”

இதை அவர் எங்கள் கடையில் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் மூன்று வருடத்தில் அவர் எடுத்த வேலைகள் எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். ஷூ ராக், கழன்ற கதவு, ஊறிப்போன ஜன்னல். பெரிய வேலை என்றால் ஆண் மேஸ்திரி யாராவது ஒருவர் பெயரில் எடுத்து, அவருக்குக் கீழே இவர் செய்ய வேண்டும். செய்த வேலையில் அந்த மேஸ்திரியின் பெயர் நிற்கும்.

அந்த மட்டம், முதன்முறையாகத் தன் பெயரில் வரக்கூடிய ஒரு பெரிய வேலைக்காக வாங்கியது.

மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய வீடு. வீணை சொல்லித்தரும் ஸ்ரீலக்ஷ்மி மாமியின் வீடு. அதை இடிக்காமல் முழுவதும் சரிசெய்து தரும் பொறுப்பு அனன்யா என்ற ஆர்க்கிடெக்ட்டுடையது. கீழே மூன்று அறை, மேலே இரண்டு. கதவு, ஜன்னல், அலமாரி எல்லாம் சேர்த்து எட்டு மாத மரவேலை. ஒரு பெரிய கம்பெனியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமி வீட்டு ஊஞ்சல் பலகையை ஒருமுறை சரிசெய்து கொடுத்தவர் மணிமொழி அக்கா என்பதால், மாமி அவர் பெயரைச் சொன்னார். அனன்யா ஒரு நிபந்தனை வைத்தார்.

“பாட்டு ரூம்ல ஒரே ஒரு அலமாரி பண்ணுங்க. சுவருக்கும் பலகைக்கும் நடுவுல என் விசிட்டிங் கார்டு நுழையக் கூடாது. எந்த ஜாயின்ட்லயும் நுழையக் கூடாது. பட்டை அடிச்சு மறைக்கறது, இடைவெளில பட்டி பூசறது, சிலிக்கான் அடைக்கறது, எதுவும் வேண்டாம். கார்டு நுழையலைன்னா மொத்த வீடும் நீங்க பண்ணலாம்.”

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் நேரான சுவர் ஒன்றுகூடக் கிடையாது. நூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவர் நடுவில் வயிறு தள்ளி, ஓரத்தில் உள்வாங்கி, மேலே கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. நேராக வெட்டிய பலகையை அதன் அருகில் வைத்தால் நடுவில் முட்டும், இரண்டு பக்கமும் விரல் போகும். நம் ஊரில் அந்த இடைவெளியின் மேல் பட்டை என்று சொல்லும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அடித்து மறைத்துவிட்டுப் போவார்கள். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. மறைக்கக் கூடாது என்றால், சுவரின் வளைவு எப்படியோ அப்படியே பலகையின் விளிம்பில் கீறி எடுத்து, அந்தக் கீறலின் மேல் வெட்ட வேண்டும். பலகையும் ஒன்றே ஒன்றுதான். மாமி வீட்டுப் பரணில் கிடந்த ஒன்பதடித் தேக்கு. கோணலாக வெட்டினால் அதற்கு இன்னொன்று கிடையாது.

“பென்சில் கோட்ட வெச்சுக்கினு இதப் பண்ண முடியாது தம்பி,” என்றார் மணிமொழி அக்கா என்னிடம். “பென்சில் கோடு கோடே இல்ல, ரோடு. ரம்பம் அதுல எந்தப் பக்கமா போவும்னு யாருக்குத் தெரியும்? மயிரு மாதிரி கோடு வேணும். பலகைல பள்ளமா விழணும். உளிய வெச்சா தானா போய் அதுல உக்காரணும்.”

அதற்கு இரண்டு சாமான் வேண்டும். கோடு கீற ஒரு கத்தி. சுவரின் வளைவைப் பலகைக்கு இறக்க, இரண்டு பக்கமும் கூர் நுனி வைத்த ஒரு கவராயம். எங்கள் கடையில் இரண்டும் இல்லை. எங்களிடம் வரும் தச்சர்கள் பென்சிலிலேயே முடித்துக்கொள்வார்கள், அவசரத்துக்கு ஓர் ஆணி.

பதினைந்து நாள் அலைந்தார். அலைந்த கதையை ஒவ்வொரு நாளும் பஸ் ஏறும் முன் எங்கள் கவுண்டரில் சொல்லிவிட்டுப் போவார். நான் ஆணியை எடை போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தி. நகரில் ஒரு கடையில், வெல்வெட் பதித்த பெட்டிக்குள் பன்னிரண்டு சாமான்கள் கிடைத்தன. பார்க்கக் கல்யாணப் பரிசு மாதிரி இருந்தது. அதிலிருந்த கத்தியின் நுனி மூன்றாவது கோட்டில் வளைந்தது, நான்காவது கோட்டில் வழுக்கி அவர் விரலில் ஏறியது. செல்போனில் ஒரு பித்தளைக் கவராயத்தைப் பார்த்து வரவழைத்தார். படத்தில் அப்படி ஒரு அழகு. கையில் எடுத்தால் அதன் கால், விழப்போகிற பால்பல்போல் ஆடியது. மறுநாளே திருப்பி அனுப்பினார்.

“போட்டோவுக்குன்னே பண்ணிக்கிறானுங்க,” என்றார். “மரத்துக்குப் பண்ணல.”

முதலாளி கல்லாவிலிருந்து, “ஆணியே போதும்னு எல்லாரும் வேல செய்யல? நீ மட்டும் ஏன் இப்படி ஊர் சுத்திக்கினு கீற?” என்றார்.

“எல்லாரும் பட்ட அடிச்சு மறைக்கறாங்க நைனா. எனக்குப் பட்ட இல்லையே.”

கத்தி கடைசியில், வெட்டுப்பட்ட அந்த விரலால்தான் கிடைத்தது. விரலுக்குக் கட்டுத்துணி வாங்க, அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாக இருக்கும் சர்ஜிக்கல் கடைகளில் ஒன்றுக்குப் போயிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர்கள் பிடிக்கும் கத்தி. எஃகுக் கைப்பிடி தனி, மாற்றி மாற்றிப் போடும் பிளேடு தனி. எடுத்துப் பார்க்கக் கேட்டார்.

“யாருக்கும்மா ஆபரேஷன்?” என்று கேட்டாராம் கடைக்காரர்.

“பலகைக்கு.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காதில் பென்சில், தலையில் மரத்தூள். “அப்ப பதினொண்ணாம் நம்பர் பிளேடு எடுத்துக்கோங்க. அதான் முனை கூரா இருக்கும்,” என்று எடுத்து வைத்தார்.

கவராயம் திருவல்லிக்கேணியில், லேத் பட்டறைக்காரர்களுக்கு சாமான் விற்கும் ஒரு குறுகலான கடையில் கிடைத்தது. இரும்பில் கோடு போடுகிறவர்களுக்காகச் செய்தது. இரண்டு கால், நடுவே ஒரு திருகு. திருகை ஒருமுறை நிறுத்திவிட்டால் கால்கள் அசையாது. அதையும் அவர் சும்மா வாங்கவில்லை. அந்தக் கடையின் பில் புத்தக அட்டையில் ஒரு வட்டம் கீறி, வட்டம் தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் எடுத்தார்.

அன்று சாயங்காலம் மட்டம், கத்தி, கவராயம் மூன்றையும் எங்கள் கவுண்டரில் வரிசையாக வைத்துக் காட்டினார். ஒரு பிளைவுட் துண்டில் கத்தியால் ஒரு கோடு கீறினார். நான் குனிந்து பார்த்தேன். கோட்டைக் காணவில்லை. நகத்தால் தடவியபோதுதான் அகப்பட்டது.

“எப்படி கீது?” என்றார்.

தலையை ஆட்டினேன்.

“இவன் புத்தகத்துல கவித படிக்கறவன்,” என்றார் முதலாளி. “பேச மாட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அனன்யா வந்து பார்ப்பதாக முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், நான் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிளைவுட் பலகையில் அவர் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. அழிக்க மனம் வராமல் இரண்டு வாரமாக விட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு ஈரத்துணியோடு குனிந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பதினாலு மட்டம், பதினாலு பிளவு. எல்லாப் பிளவும் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகியிருந்தன.

பதினாலு மட்டம் கோணலாக இருக்கலாம். பதினாலும் ஒரே அளவு கோணலாக இருக்குமா?

ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்துப் பலகையின் விளிம்பில் நிறுத்தினேன். இரண்டு ஓரமும் ஸ்கேலைத் தொட்டன. நடுவில், கீழே, ஒரு மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. எத்தனையோ வருடமாக நாங்கள் இரும்புச் சங்கிலியை அந்த விளிம்பின் மேல் இழுத்து இழுத்துத்தான் அளந்து கொடுக்கிறோம். நடு தேய்ந்து குழிந்திருந்தது. மணிமொழி அக்கா மட்டத்தை வைத்துப் பார்த்ததும் அந்த நடுவில்தான்.

குழிந்த விளிம்பில் நேரான மட்டத்தை வைத்தால் கோணல் என்றுதான் காட்டும். அந்தக் குழிக்குச் சரியாகப் பொருந்துகிற கோணல் மட்டம் ஏதாவது இருந்தால், அது மட்டும் நேர் என்று காட்டும். அவர் வாங்கிக்கொண்டு போனது அது.

மாடியிலிருந்து புது பிளைவுட் ஷீட் ஒன்றை இறக்கி, அதன் விளிம்பை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்து, பதினாலு மட்டத்தையும் அவர் செய்தபடியே திருப்பிப் போட்டுக் கோடு இழுத்தேன். பதினாலிலும் ஒரே கோடு விழுந்தது.

முதலாளியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. நான் சேர்ந்தே மூன்று வருடம்தான். ஆனால் அந்த மூன்று வருடத்தில் பார்த்ததில்லை.

“அப்ப என் மட்டம் எல்லாம் நேரு.”

“ஆமா சார்.”

“போ. இப்பவே போ. போய் அவகிட்டச் சொல்லு. நாலு மட்டம் எடுத்துக்கினு போ. அந்தப் பலகையையும் எடுத்துக்கினு போ, இல்லன்னா நம்ப மாட்டா.”

சைக்கிள் கேரியரில் பலகையைக் கட்டிக்கொண்டு லஸ் வழியாக மயிலாப்பூர் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அவர் அந்த மட்டத்தை வைத்துக் கத்தியால் கீறியிருந்தால் எல்லாம் முடிந்தது. தேக்கில் விழுந்த கீறல் போகாது.

ஸ்ரீலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தார். “யாருப்பா? மணிமொழியப் பாக்கணுமா? உள்ள வேலை பண்ணிண்டிருக்கா, வா வா. செருப்ப அங்கயே விட்டுடு,” என்றார்.

பாட்டு அறையில் ஒன்பதடித் தேக்கு இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்தது. அதன் குறுக்கே எட்டுப் பென்சில் கோடுகள். கீழே நிற்கப்போகும் நான்கு தாங்கு பலகைகளின் தலை வந்து உட்கார வேண்டிய பள்ளங்களுக்கான கோடுகள். முதல் கோட்டின் மேல் மட்டத்தை அழுத்தி, மணிமொழி அக்கா கையில் அந்தக் கத்தியோடு குனிந்திருந்தார்.

“அக்கா,” என்றேன்.

நிமிர்ந்தார். பலகையைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். ஸ்கேலை விளிம்பில் நிறுத்தினேன். அவர் குனிந்து ஒரு கண்ணை மூடினார். அந்த மெல்லிய வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு தன் பதினாலு பிளவுகளைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பிளைவுட்டு,” என்றார். “ஒம்பது வருசம் பட்டறைல மெசின்ல வெட்டின பிளைவுட்டுதான் தம்பி பாத்துக்கினு இருந்தேன். சுவரு கோணலா கீதான்னு பாக்கக்கூட அந்த ஓரத்தத்தான் வெப்போம். அது கோணும்னு எனக்குத் தோணவே இல்ல. எல்லாத்தையும் திருப்பிப் பாத்தேன், அத மட்டும் பாக்கல.”

எழுந்தார். தேக்கின் முன்விளிம்பின் நீளத்துக்கும் ஒரு நூலைப் பிடித்து இழுத்து, விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அதில் தன் மட்டத்தை வைத்துத் திருப்பிப் போட்டார். கோடுகள் பிளந்தன. நான் கொண்டுபோன மட்டத்தை வைத்துத் திருப்பிப் போட்டார். ஒரே கோடு. இன்னொன்று. அதிலும் ஒரே கோடு.

“கத்தி இன்னும் படல,” என்றார். “பென்சிலோட போச்சு.” ரப்பரால் எட்டுக் கோட்டையும் அவரே அழித்தார்.

அப்போது என் போன் அடித்தது. முதலாளி. “சொல்லிட்டியா? என் மட்டம் நேருன்னு சொன்னியா?”

அக்கா போனை வாங்கிக்கொண்டார். “நைனா, உன் மட்டம் பதினாலும் நேரு. உன் பலகதான் கோணல்.”

“பலகைய நான் விக்கலியேம்மா,” என்றார் முதலாளி.

அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளே வீணை கற்றுக்கொண்டிருந்த பெண் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தபோது, “நாளைக்கு உங்க கட லீவுதான? நீயும் வா. உன் மட்டத்துலதான் நிக்கப்போவுது,” என்றார்.

மறுநாள் நான் போனபோது மணி இரண்டு. தாங்கு பலகைகள் நான்கும் நின்றுகொண்டிருந்தன. தேக்குப் பலகை அவற்றின் மேல், சுவரை இன்னும் முழுதாகத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. சுவரின் வயிறு பலகையின் நடுவில் முட்டியது. இரண்டு ஓரமும் என் விரல் போகும் அளவு இடைவெளி. இருப்பதிலேயே பெரிய இடைவெளி எங்கே என்று பார்த்து, அந்த அளவுக்குக் கவராயத்தைத் திறந்து திருகை இறுக்கினார். ஒரு காலைச் சுவரில் வைத்தார். மறு காலைப் பலகையில் வைத்தார். பிறகு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்தார். ஒன்பதடியை நடக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. சுவர் உள்வாங்கிய இடத்தில் கீறலும் உள்வாங்கியது. சுவர் புடைத்த இடத்தில் கீறலும் விலகியது. காரை உதிர்ந்து சுவரில் ஒரு சின்னக் குழி இருந்த இடத்தில் கவராயம் ஒரு கணம் நின்று, அந்தக் குழிக்குள்ளும் இறங்கி ஏறியது. அவர் மூச்சு விடும் சத்தமும், தேக்கில் ஊசி போகும் சத்தமும் தவிர அறையில் வேறு சத்தம் இல்லை. சுவர் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்ததுபோல் பலகையின் மேல் அந்தக் கோடு கிடந்தது.

பலகையை இறக்கி, அந்தக் கீறலின் மேல் கத்தியை ஓட்டி ஆழப்படுத்தினார். ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே வெட்டினார். கடைசி இழையை இழைப்புளியாலும் உளியாலும் எடுத்தார். ஒருமுறைகூடக் கோட்டைத் தாண்டவில்லை. நான்கே முக்காலுக்குப் பலகையைத் தூக்கி வைக்க நான் ஒரு பக்கம் பிடித்தேன். உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பலகை உள்ளே போய் நின்றது.

அனன்யா ஐந்து மணிக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும், ஓரிரண்டு வருடம் கூடுதலாக இருக்கலாம். “வணக்கம் அக்கா” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். இடது ஓரத்தில் வைத்துத் தள்ளினார். கார்டு மடங்கியது. நடுவில் வைத்தார். மடங்கியது. காரை உதிர்ந்த அந்தக் குழிக்கு நேராக வைத்தார். அங்கேயும் மடங்கியது. முழங்காலில் உட்கார்ந்து, தாங்கு பலகைகள் மேல்பலகையில் சேரும் எட்டு இடத்திலும் பார்த்தார். கார்டின் நான்கு முனையும் நைந்துபோயிற்று. எழுந்து, கைப்பையில் கிடந்த பெட்ரோல் பங்க் ரசீது ஒன்றை எடுத்தார். கார்டைவிட அது எவ்வளவோ மெல்லியது. அதைச் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் வைத்தார். அதுவும் போகவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி மாமி, “என்னடி, உன் கார்டெல்லாம் தீந்துடுத்தா?” என்றார்.

அனன்யா போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே நடந்தபடி யாரிடமோ பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. மணிமொழி அக்கா உளியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த உளியையும் திரும்ப எடுத்துத் துடைத்தார். அனன்யா திரும்பி வந்தார்.

“நாளையிலேர்ந்து மத்த ரூம்களை அளக்க ஆரம்பிக்கலாமா அக்கா?”

“இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன் மேடம். வெளிச்சம் கீது.”

“அக்ரிமென்ட்ல பேரு என்ன போடணும்?”

“மணிமொழி. முன்னாடி ‘மேஸ்திரி’ன்னு போடுங்க.”

அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் மாமி உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து, முதலில் அவரிடம் நீட்டினார். அவர் காப்பியை அலமாரியின் மேல் வைக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துக் குடித்தார். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். நான் என் நான்கு மட்டங்களையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளப் போனபோது அங்கே மூன்றுதான் இருந்தன. நான்காவது அவர் இடுப்பில் செருகியிருந்தது. முதலாளி அதற்குப் பில் போட மறுத்துவிட்டார்.

இப்போது அந்த வீட்டில் மேல்மாடி வேலை நடக்கிறது. மணிமொழி மேஸ்திரிக்குக் கீழே இரண்டு ஆண் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்த இருவரில் ஒருவரிடம் போய்ப் பேச ஆரம்பிப்பார்கள். அவர்கள் உளியால் அக்கா இருக்கும் பக்கத்தைக் காட்டுவார்கள்.

போன வாரம் கீல்கள் கொடுக்கப் போனபோது ஸ்ரீலக்ஷ்மி மாமி என்னை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது. அனன்யா அந்தச் சனிக்கிழமையே, எதற்கு வம்பு என்று, கம்பெனிக்குச் சரி சொல்லிவிட்டிருந்தார். கார்டு வைத்துப் பார்க்க வந்தது ஒரு மரியாதைக்குத்தான். முற்றத்தில் நடந்தபடி பேசியது, அதை ரத்து செய்ய. இது மணிமொழி அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன?” என்றார் மாமி. “ஞாயித்துக்கிழமை காலம்பற ஒம்பது மணிக்கே கம்பெனிக்காரா ரெண்டு பேர் அளக்க வந்துட்டா. வேலை தங்களுக்குத்தான்னு இவ காதுபட எங்கிட்டயே சொன்னா. இவளைப் பெருக்க வந்தவள்னு நெனச்சு, டேப்போட அந்தப் பக்கத்தைப் பிடிச்சுக்கம்மான்னு சொல்லிட்டா. அஞ்சு ரூமுக்கும் இவதான் பிடிச்சுண்டு நின்னா. சுவர் நடுவுல வயிறு தள்ளிக்கினு கீது, அங்கயும் ஒருவாட்டி அளந்துக்கோங்கன்னு சொல்லிண்டே வந்தா. அவா அளக்கலை. அவா போனப்புறம்தான் போய்க் கவராயத்தை எடுத்தா.”